மேக் ட்ரேயும் வலேஹோவும்: ஒரு வட்டார ராப் மரபின் வரலாறு

கேங்ஸ்டா ராப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதே கலிபோர்னியாவின் வடக்கே, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டி, பெரிய இசை நிறுவனங்களின் தயவில்லாமல் வளர்ந்த மரபுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அந்த மரபின் போக்கை மாற்றியவர் மேக் ட்ரே. அவரை அவருடைய ஊரிலிருந்து பிரித்துப் பார்த்தால் எதுவும் விளங்காது.

ஆந்த்ரே லூயிஸ் ஹிக்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1970 ஜூலை 5 அன்று ஓக்லாந்தில் பிறந்து, வலேஹோ நகரின் வடபகுதியிலுள்ள கன்ட்ரி கிளப் கிரெஸ்ட் குடியிருப்பில் வளர்ந்தார். வலேஹோவுக்குச் சோறு போட்டது மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல் தளம். 1854இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் வேலை தேடி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்மாநிலக் கறுப்பினக் குடும்பங்கள் ஏராளமாக வந்து குடியேறின. ட்ரேயின் தலைமுறை வளர்ந்து வந்தபோது அந்த வேலைகள் அருகிக்கொண்டிருந்தன. 1996இல் தளமே மூடப்பட்டது.

இந்த ஊரில் ராப் ஒரு கைத்தொழிலாகவே வேர்விட்டது. ஓக்லாந்தில் டூ ஷார்ட் என்ற ராப்பர் ஒலிநாடாக்களைத் தெருவில் விற்று வழிகாட்டியிருந்தார். வலேஹோவின் ஈ-40 சொந்த நிறுவனம் தொடங்கினார். இசையமைப்பாளர் கைரீயுடன் இணைந்து பாடிய 'தி மேக்' என்ற மைக்கேல் ராபின்சன் 1991இல் கொல்லப்பட்டார். 'மேக்' என்ற அடைமொழி வலேஹோ ராப்பர்களிடையே ஒரு பரம்பரைப் பட்டம்போல் நிலைத்தது. அவர் வழியில் வந்த மேக் ட்ரேயும் 1989 வாக்கில் கைரீயின் இசையில்தான் பதிவுகளைத் தொடங்கினார்.

1992இல் வந்தது திருப்பம். ஊரில் நடந்த தொடர் வங்கிக் கொள்ளைகளுக்கு ட்ரேயின் நண்பர் குழுவே காரணம் என வலேஹோ காவல்துறை சந்தேகித்தது. அவரோ காவல்துறையை வெளிப்படையாக ஏளனம் செய்து பாடினார். அவ்வாண்டு ஃப்ரெஸ்னோ நகருக்குப் போயிருந்தபோது நண்பர்களோடு கைதானார். அங்கே வங்கி எதுவும் கொள்ளையடிக்கப்படவில்லை. கொள்ளையடிக்கச் சதி செய்ததே குற்றச்சாட்டு. ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, நான்காண்டுகள் சிறையில் கழித்தார்.

அவர் ஃப்ரெஸ்னோ சிறையில் இருந்தபோது உருவான 'பேக் இன் த ஹூட்' தனித்துப் பேசவேண்டிய பதிவு. கைதிகளுக்கான தொலைபேசியில் அவர் வரிகளைச் சொல்ல, மறுமுனையில் அவற்றைப் பதிவுசெய்து இசையோடு சேர்த்தார்கள். ஒலிக்கூடத்தின் தெளிவு அதில் கிடையாது. குரல் கம்பி வழியே மெலிந்து, கரகரத்து வருகிறது. அந்தக் கரகரப்பே கேட்பவருக்கு அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. சிறையைப் பற்றிய பாடல்கள் எத்தனையோ உண்டு. சிறைக்குள்ளிருந்தே வந்த குரல் என்பதால் இதன் எடை வேறு.

கப்பல் தளம் மூடப்பட்ட அதே 1996இல் அவர் விடுதலையானார். காவல்துறையின் கண்காணிப்பிலிருந்து விலக, பிற்பாடு சாக்ரமென்டோவுக்குக் குடிபெயர்ந்தார். 1999இல் தொடங்கிய அவருடைய 'தைஸ் என்டர்டெயின்மென்ட்' நிறுவனத்தின் பெயர், எக்ஸ்டஸி போதை மாத்திரையைக் குறிக்கும் தெருச்சொல். அந்தப் போதையைக் கொண்டாடியதன் கேட்டை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இக்காலத்தில் அவர் கலையில் நடந்த மாற்றம் பெரிது. மிரட்டும் குரல் தளர்ந்து, கோமாளித்தனமும் ஆட்டமும் மேலெழுந்தன. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆடும் 'தைஸல் டான்ஸ்' 2002இல் இளைஞர்களிடையே பரவியது. 2004இல் அதிபர் ரீகனைப் பகடி செய்து 'ரொனால்ட் ட்ரேகன்' என்ற வேடமும் பூண்டார். வயது ஏறியதால் வந்த கனிவு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. நான்காண்டுகளைப் பறிகொடுத்தவர் மகிழ்ச்சியை அடம்பிடித்துக் கேட்டு வாங்கியதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

விரிகுடாப் பகுதி ராப்பர்களுக்குத் தொலைதூரச் சந்தைகளில் முக்கியமானது மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டி. நிறுவன விளம்பரம் எட்டாத அந்த ஊரில் அவர்களுடைய பதிவுகளுக்கு உறுதியான ரசிகர்கள் இருந்தார்கள். 2004 அக்டோபர் இறுதியில் ட்ரே அங்கே நிகழ்ச்சி நடத்தினார். நவம்பர் 1 அதிகாலை, நெடுஞ்சாலையில் அவர் பயணித்த வேன்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் உயிரிழந்த அவருக்கு வயது 34. கொலையாளி என இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஊர்விட்டு ஊர் போய் இசையை விற்ற அந்தச் சுயேச்சை வணிகம்தான் அவரை வளர்த்தது. அதே வழியில் போன இடத்தில்தான் உயிரும் போனது.

விரிகுடாப் பகுதியில் எழுந்த ஆட்டமும் உற்சாகமும் நிறைந்த ராப் அலைக்குப் பெயரான 'ஹைஃபி' என்ற சொல்லை ஓக்லாந்து ராப்பர் கீக் டா ஸ்னீக் உருவாக்கினார். அந்த அலைக்கு உடல்மொழியும் துள்ளலும் தந்ததில் ட்ரேயின் பங்கு முதன்மையானது. 2006இல் ஈ-40இன் 'டெல் மீ வென் டு கோ' வழியே ஹைஃபி நாடெங்கும் கேட்டது. அதைப் பார்க்க ட்ரே இல்லை. கனடியரான டிரேக் 2011இல் வெளியிட்ட 'தி மோட்டோ' பாடலில் அவரை நினைவுகூர்ந்தார். அதன் காணொளி ட்ரேயின் தாயார் வாண்டாவின் பேச்சோடு தொடங்குகிறது. மகனின் மறைவுக்குப் பின் தைஸ் நிறுவனப் பொறுப்பை ஏற்று, அவருடைய பதிவுகள் தொடர்ந்து வெளிவரச் செய்தவர் அவர்தான்.