உயர்மாடமும் ஆலை வளாகமும்

மாடம் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் பயின்று வருவது. அரண்மனை எழுப்பிய முறையை, கோல் நட்டு நிழலால் திசையறிந்து கயிறிட்டு மனை வகுத்தது முதலாக நெடுநல்வாடை விரித்துரைக்கின்றது. ஆயின், அம்மாடங்கள் வேந்தர்க்கும் செல்வர்க்கும் உரிய உறையுள்கள். வணிக நிறுவனம் தன் தலைமையிடத்திற்கென மாடம் எழுப்புதல் பிற்கால வழக்கு. அவ்வழக்குத் தமிழகத்தில் இருவேறு வடிவு கொண்டது. அவற்றுள் எது தன் பெயரை நிலைநிறுத்தியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கொங்கு நாட்டு வடிவு முந்தியது. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் முயற்சியால் முதற் பஞ்சாலை எழுந்தது. 1910இல் குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தோற்றுவித்தார். 1930களில் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் ஆலைகள் பெருகின. இங்கே தலைமை அலுவலகம் தனித்து நில்லாது. நூற்புக் கூடம், பஞ்சுக் கிடங்கு, அலுவலகம், நிழல்தரு மரங்கள் ஆகிய யாவும் ஒரே மதிலுக்குள் அடங்கும். நிறுவனத்தின் முகம் அதன் தொழிலே.

சென்னை வடிவு இதனின் வேறுபட்டது. காப்பீட்டு நிறுவனத்திற்குக் கண்ணாற் காட்டும் பண்டம் இல்லை. ஆதலின் கட்டடமே அதற்கு முகமாயிற்று. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்கென மவுண்ட் ரோட்டில் உயர்மாடம் ஒன்றை எண்ணியவர், 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். லண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் என்போர் அதனை வரைந்தனர். 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் மறைந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. எல்.எம். சிதாலே பணியை நிறைவேற்ற, 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். அதன் உயரம் 177 அடி. ‘இந்தியாவிலேயே உயர்ந்தது’ என அன்று வழங்கிய புகழுரை அலுவலகம் முதலிய கட்டடங்களுக்கே பொருந்தும். 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி என்பதை மறத்தலாகாது.

இனி, பெயர் நிலைபேற்றை நோக்குவோம். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாயிற்று; மாடமோ ‘எல்.ஐ.சி. கட்டடம்’ என்றும் ‘பதினாலு மாடிக் கட்டடம்’ என்றும் வழங்கலாயிற்று. எண்ணியவர் பெயரும் அவர்தம் நிறுவனத்தின் பெயரும் மக்கள் வழக்கில் இடம்பெறவில்லை. கோவையிலும் நாட்டுடைமை நேர்ந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பங்கஜா மில், கம்போடியா மில் முதலியன தேசிய பஞ்சாலைக் கழகத்தைச் சார்ந்தன. எனினும் பங்கஜா மில் சாலை என்னும் பெயர் வழங்குகின்றது. லட்சுமி மில் என்பது அவிநாசி சாலையில் ஓர் இடப்பெயராகவே நிலைத்துள்ளது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? உடைமை மாற்றமே காரணமெனின் இரண்டிடத்தும் ஒரே விளைவு நேர்ந்திருத்தல் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே கழகத்துள் கரைந்தன; ஆலைகளோ தத்தம் பெயரோடு கைம்மாறின. அன்றியும், வளாகத்தைச் சூழ்ந்து தொழிலாளர் குடியிருப்பும் கடையும் வழியும் வளர்ந்தமையால் ஆலையின் பெயர் ஊரின் பெயராயிற்று. உயரம் கண்ணைக் கவரும். பெயரை நிறுத்துவது குடிவழக்கே.

கோவை ஆலைகள் பல இன்று மூடுண்டன. நிலங்கள் சில வணிக வளாகங்களாயின. சென்னை மாடத்தின் வரலாறு எழுத்தில் உளது. கொங்கு வளாகங்களின் வரலாறோ பெரும்பாலும் முதியோர் வாய்மொழியிலும் இடப்பெயரிலும் வாழ்வது. அவர் உள்ளபோதே அதனைத் தொகுத்தல் நம் துறைசார் ஆய்வாளர்க்குரிய கடன்.