மட்கார்டுக்கு வெளியே நீளும் சக்கரம்

1/
நண்பர் ஒருத்தர் பழைய அம்பாசிடர் வச்சிருக்கார். பின்னாடி அகலமான டயர் போட்டா கம்பீரமா இருக்கும்னு ஆசை. மெக்கானிக் அளந்து பார்த்துட்டு ஒரே வரியில முடிச்சுட்டார்: "டயர் உள்ளே போயிடும் சார். ஆனா நாலு பேர் ஏறி, வண்டி ஒரு பள்ளத்துல இறங்கினா பட்டை அமுங்கி டயர் ஃபெண்டர்ல உரசும்."

அந்தக் காருக்கு வந்த டயர் அளவு 5.90-15. முதல் எண் டயரோட அகலம், அடுத்தது ரிம்மோட விட்டம், ரெண்டும் அங்குலத்தில். அகலத்தைக் கூட்டினா அது உள்பக்கம் பட்டையில இடிக்கணும், இல்லைன்னா வெளிப்பக்கம் ஃபெண்டர்ல இடிக்கணும்.

2/
இதை ஒரு டாக்டர் ஏன் எழுதணும்னு கேப்பீங்க. இதே "பின் சக்கரத்தை எப்படி அகலமாக்கறது?"ங்கிற கேள்விக்கு நம்ம தஞ்சாவூர் வயல்ல ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பதில் நமக்கு நெல்லைக் கொடுத்தது. அதுக்கான விலையை என்னை மாதிரி ஆட்கள் ஆஸ்பத்திரியில பார்க்கிறோம். ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன், பொறுமையா படிங்க.

3/
முதல்ல ஒரு சின்ன கணக்கு. எடை அதேதான், ஆனா அது பதியற இடம் பெருசானா அழுத்தம் குறையும். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு காற்று மெத்தை போடச் சொல்றோமே, அதே காரணம்தான். இடுப்பு எலும்பு இருக்கிற ஒரே இடத்துல உடம்போட பாரம் இறங்கினா புண் வரும். பரவலா இறங்கினா அந்த ஆபத்து குறையும்.

மண்ணும் அப்படித்தான். பழைய பார வண்டிச் சக்கரத்துல இரும்புப் பட்டா ரொம்பக் குறுகல். மூட்டை ஏத்தின வண்டி ஈர மண்ணுல இறங்கினா கத்தி மாதிரி அறுத்துக்கிட்டு உள்ளே போகும். மாடு முட்டி போட்டு இழுக்கும், நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்கும்.

4/
அந்த மெத்தைக் காற்றை சக்கரத்துக்குக் கொண்டு வந்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845ல் காப்புரிமை வாங்கினப்போ வயசு 23. ஆனா அன்னைக்கு அதை யாரும் பெருசா எடுத்துக்கலை.

நாற்பது வருஷம் கழிச்சு, பெல்ஃபாஸ்ட்ல ஒரு கால்நடை மருத்துவர் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்கு காத்து அடைச்ச ரப்பர் குழாய் மாட்டினார். ஜான் பாய்ட் டன்லப். 1888ல் காப்புரிமை வாங்கினார். பிறகு தாம்சன் முன்னாடியே செஞ்சுட்டார்னு அது செல்லாமப் போச்சு. ஆனா பேர் மட்டும் நின்னுடுச்சு. மாட்டு வைத்தியர் ஆரம்பிச்சு வச்ச வேலை, பின்னாடி நம்ம ஊர் டயர் வண்டியா வந்து மாட்டோட கழுத்துக்கே நிம்மதி கொடுத்தது!

5/
ஆனா டிராக்டருக்கு ரப்பர் லேசுல வரலை. ஆரம்ப கால டிராக்டர்களுக்கு முள்ளு வச்ச இரும்புச் சக்கரம்தான். 1932ல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன் மாடல் யூ டிராக்டருக்கு ஃபயர்ஸ்டோன் செஞ்ச விமான டயரை, காத்தைக் குறைச்சு மாட்டிப் பார்த்தது. காத்து குறைஞ்சா டயர் கொஞ்சம் சப்பையாகும், தரையில அகலமாப் பதியும். விவசாயிங்க நம்பலை. அதனால 1933ல் பார்னி ஓல்ட்ஃபீல்டுங்கிற கார் பந்தய வீரரை ஏத்தி மணிக்கு 64 மைல் வேகத்துல ஓட்டிக் காட்டினாங்க. சில வருஷத்துல இரும்பு போய் ரப்பர் வந்துடுச்சு.

6/
இனி நம்ம ஊருக்கு வருவோம். 1934ல் மேட்டூர் அணை திறந்த பிறகு டெல்டாவுக்கு ஜூன்ல தண்ணி வரும்ங்கிற நம்பிக்கை வந்தது. 1960-61ல் நாடு முழுக்க தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தொடங்கினப்போ முதல்ல எடுத்த ஏழு மாவட்டங்கள்ல தஞ்சாவூரும் ஒண்ணு. அதே 1960ல் மெட்ராஸ்ல டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸே ஃபெர்குசன் டிராக்டர் செய்ய ஆரம்பிச்சது. ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 மாதிரி குறுகிய காலக் குறுவை ரகங்கள் வந்தன.

7/
இங்கதான் நேரம் பிரச்சினையாச்சு. குறுவையை அறுத்த கையோட தாளடி நடணும். நடுவுல கிடைக்கிறது சில வாரம்தான். அந்த நேரத்துலதான் வடகிழக்குப் பருவமழையும் வரும். காவிரி வண்டல்ல களி அதிகம். தண்ணி கட்டி சேடை ஓட்டணும். மாட்டு ஏர் மெதுவாப் போகும். டிராக்டர் வேகமாப் போகும், ஆனா சேத்துல நிக்கும்!

ஏன்னா டயர்ல இருக்கிற பட்டனுக்கு நடுவுல களி அப்பிக்கும். அப்புறம் அது பட்டன் டயர் இல்லை, வழவழன்னு ஒரு உருளை. இருந்த இடத்துலயே சுத்தும், குழி பறிக்கும், இறங்கும்.

8/
அப்போ இன்னும் அகலமான ரப்பர் டயரைப் போட்டிருக்கலாமே? 40 குதிரை சக்தி பக்கம் இருக்கிற டிராக்டர்ல பின் டயர் பொதுவா 13.6-28. அதுக்கு மேல அகலமாக்கினா என் நண்பரோட கார் கதைதான்: மட்கார்டு இடிக்கும். ரோடு, வரப்பு, கண்ணி வாய்க்கால் மதகு எல்லாத்துலயும் வருஷம் பூரா அந்த அகலத்தோடவே திரியணும். விலையும் அதிகம்.

அதுக்குக் கிடைச்ச பதில்தான் கேஜ் வீல். இரும்பு வளையம், அதைச் சுத்தி குறுக்கே ஆங்கிள் இரும்புப் பட்டைகள். அரை கேஜ் வீலை டயருக்கு வெளிப்பக்கமா மாட்டிடலாம். மட்கார்டுக்குள்ள இடம் இல்லையா, மட்கார்டுக்கு வெளியே போயிடு! சேடை முடிஞ்சா கழட்டி வச்சிடலாம். முழு கேஜ் வீல்னா டயருக்குப் பதிலாவே மாட்டறது. நடுவுல இடைவெளி இருக்கறதால களி அப்பாம வழிஞ்சிடும். சேத்தைக் கலக்கிக் கூழாக்கற வேலையையும் அதுவே சேர்த்துச் செய்யும். இப்போ ஈர வயல் அறுவடைக்கு செயின் டைப் மெஷின் வருதே, அதுக்கும் இதே கணக்குதான்.

9/
இதுவரை நல்ல கதை. இனிமே கவனமாப் படிங்க.

மட்கார்டு எதுக்கு இருக்கு? சேறு தெறிக்காம இருக்க மட்டுமில்லை. சுத்தற சக்கரத்துக்கும் மனுஷ உடம்புக்கும் நடுவுல இருக்கிற ஒரே தடுப்பு அதுதான். சக்கரத்தை அதுக்கு வெளியே நீட்டினோம். நீட்டின பகுதிக்கு மூடி கிடையாது. அதோட விட்டோமா? தட்டையா இருக்குன்னு அந்த மட்கார்டையே சீட்டாக்கிட்டோம். நடவுக்குப் போறவங்க, சோறு கொண்டு போறவங்க, சில நேரம் அப்பாவோட வயலுக்குப் போற குழந்தை.

10/
பயிற்சி மருத்துவரா இருந்த காலத்துல ஒரு தாளடி நேரம். மட்கார்டுல உட்கார்ந்து வந்த ஆறு வயசுப் பையன். வரப்பு ஏறினப்போ வண்டி குலுங்கியிருக்கு. வெளிப்பக்கமா விழுந்திருக்கான். ஓட்டினது அவனோட சித்தப்பா. பையன் பிழைச்சான், வலது கால் முட்டிக்குக் கீழ இல்லை. அந்த சித்தப்பா வார்டு வாசல்ல திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "நானும் சின்ன வயசுல அங்கதான் டாக்டர் உட்கார்ந்து போனேன்."

அவரை நான் திட்டலை. அவர் சின்ன வயசுல உட்கார்ந்தப்போ ஒண்ணும் ஆகலை. பழக்கம் அப்படித்தான் வளருது.

11/
ரெண்டாவது ஆபத்து, வண்டி சேத்துல மாட்டினா. சக்கரத்துல கட்டையைக் கட்டி, ஆக்சிலரேட்டரை முறுக்கி முன்னாடி எடுக்கப் பார்ப்பாங்க. சக்கரம் சுத்த முடியலைன்னா எஞ்சினோட விசை எங்க போகும்? அச்சைச் சுத்தி வண்டியோட உடம்பையே தூக்கும். முன்பக்கம் எழும்பி, பின்னாடி கவிழும். ஒண்ணு ரெண்டு நொடிதான், குதிக்க நேரம் இருக்காது. ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்கள்ல கவிழ்ந்தா காப்பாத்தற இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே இந்த வகை மரணம் பெருமளவு குறைஞ்சது.

12/
அடியில சிக்கினவங்களைப் பத்தி ஒரு மருத்துவ வரலாறு. 1941ல், லண்டன் குண்டுவீச்சுல இடிபாட்டுல சிக்கினவங்களை எரிக் பைவாட்டர்ஸ்ங்கிற டாக்டர் கவனிச்சார். மீட்டு எடுத்தப்போ நல்லாப் பேசினவங்க, சில நாள்ல சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. நசுங்கின தசையிலிருந்து வர்ற கழிவு சிறுநீரகத்தை அடைக்குதுன்னு அவர் காட்டினார். அதனால "வெளியே எடுத்தாச்சு, நல்லாத்தான் பேசறான்"னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க.

13/
நீங்க செய்ய வேண்டியது:

• டிராக்டர்ல ஓட்டறவர் மட்டும். 1989ம் வருஷ சாலை ஒழுங்குமுறையே அதைத்தான் சொன்னது.
• கேஜ் வீல் சுத்தும்போது பக்கத்துல நிக்காதீங்க. களியைத் தட்டிவிட எஞ்சினை அணைச்சுட்டுப் போங்க.
• கேஜ் வீலோட தார் ரோட்டுல ஓட்டாதீங்க. ரோடும் கிழியும், எதிரே பைக்ல வர்றவருக்கும் ஆபத்து.
• மாட்டினா ரிவர்ஸ்ல மெதுவா எடுத்துப் பாருங்க. வரலைன்னா இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்க. கட்டை வேண்டாம்.
• விபத்துன்னா முதல்ல எஞ்சினை அணைங்க, 108க்கு அடிங்க. ரத்தம் வர்ற இடத்தை சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.
• சேத்துல பட்ட காயம் சின்னதா இருந்தாலும் டெட்டனஸ் ஊசி பத்திக் கேளுங்க.

14/
என் நண்பர் கடைசியில பழைய அளவு டயரையே போட்டுக்கிட்டார். உரசினா டயர்தானே தேயும், அது பெரிய விஷயமில்லை. வயல்ல அப்படி இல்லை. அங்கே அகலமான சக்கரம் வேணும், அது இல்லாம தாளடி இல்லை. நமக்கு வேண்டாதது அந்த மட்கார்டு சீட்டு மட்டும்தான்.

இந்த வருஷம் சேடை ஓட்டும்போது உங்க வீட்டுப் பிள்ளை "நானும் வரேன்"னு கேட்டா, வரப்புல நின்னு பார்க்கச் சொல்லுங்க. டிராக்டர் வச்சிருக்கிற ஒருத்தருக்காவது இதைப் படிச்சுக் காட்டுங்க.