பெரியப்பாவின் காண்டஸாவும் பின் ஆக்சிலும்

செம்பூரில் பெரியப்பா விட்டுப்போன காண்டஸா நாலு வருஷமாய் பில்டிங் காம்பவுண்டில் நிற்கிறது. 1986 மாடல். போன மாதம் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: ஓட்டுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். "நீதானே இஞ்சினியர், நீயே சொல்லுப்பா" என்றார் பெரியம்மா.

காயலான் கடைக்கு அனுப்ப மனசில்லை. ஒரு கோடை லீவில் இதே வண்டியில்தான் எங்களைத் திருநெல்வேலி வரை ஓட்டிக்கொண்டு போனார் பெரியப்பா. கண்டாலா மலையில் லாரிகளுக்குப் பின்னால் முக்கி முனகி ஏறியது இன்னும் காதில் இருக்கிறது.

என் திட்டம் வேறு. பிற்காலக் காண்டஸாவில் வந்த இசுசு எஞ்சினைத் தேடிப் பிடித்துப் போட்டுவிடலாம்! குர்லா மெக்கானிக் கேட்டுவிட்டு ஹிந்தியில் சொன்னது இவ்வளவுதான்: முதலில் பின்னால் பாருங்கள்.

அந்தப் 'பின்னால்' என்பதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இதற்கு வழி சொல்லும் டிஃபரன்ஷியலை 1820களில் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை செய்தவர் பிரான்சின் பெக்கர். அவர் கடிகாரத் தொழிலாளியும்கூட. பின்னால் வந்த கார்களும் அதே வழியில்தான் வளைந்தன.

1960களில் அமெரிக்கர்கள் நடுத்தரக் கார்களில் பெரிய வி8 எஞ்சின்களைத் திணித்தார்கள். 1964ல் வந்த போண்டியாக் ஜிடிஓ அதில் பேர் பெற்றது. எஞ்சின் முறுக்கு கூடினால் அதைத் தாங்குவது பின் ஆக்சில்தானே! பழைய வண்டிக்குப் பெரிய எஞ்சின் போடுகிறவர்கள், 1957ல் வந்த ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சிலை இன்றும் தேடுவது அதனால்தான்.

நம் ஊருக்கு வருவோம். செம்பூரிலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளியுள்ள குர்லாவில், வால்சந்த் ஹிராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரின் டாட்ஜ், பிளைமவுத் கார்களைப் பூட்டி விற்றது. ஆனால் பார்வைக்கு 'மசில் கார்' என்று இந்தியர்கள் சொன்னது காண்டஸாவைத்தான். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பு. 1984ல் வந்தபோது உள்ளே இருந்ததோ அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி. பயில்வான் உடம்பு, பள்ளிப்பையன் மூச்சு :-) பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு 85ஐத் தாண்டியது. 2002ல் உற்பத்தியே நின்றது.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு, பினியனில் 9 பல், கிரவுன் வீலில் 41 பல் என்றால், தண்டு நாலரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. சின்ன எஞ்சினுக்கு அது வரம்: மலை ஏறும். பெரிய எஞ்சினுக்கு அது வேண்டாத பாரம்: ஹைவேயில் தேவையில்லாமல் அலறும். கூடவே, தேய்ந்த பல்லுக்கும் பேரிங்குக்கும் புது முறுக்கு ஏறும். ஆக எஞ்சினை மாற்றுவதென்றால் ஆக்சிலும் கூடவே மாற வேண்டும். பிரேக்கும் பார்க்க வேண்டும். ஆர்டிஓ அனுமதியும் வேண்டும்.

ஹவுசிங்கைத் திறந்தோம். கியர் ஆயில் தார் மாதிரி, அதில் இரும்புத் தூள் மினுங்கியது. பேரிங் போயிருந்தது, பல் மட்டும் தப்பியிருந்தது. இசுசு ஆசையைக் கைவிட்டேன். புது பேரிங், ஆயில் சீல், பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி சரியாக ஷிம், புது 90 நம்பர் ஆயில். பழைய எஞ்சின் அப்படியே.

போன ஞாயிறு பெரியம்மாவை மாதுங்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். சயான் தாண்டும்வரை பேசவே இல்லை. அப்புறம், "அந்த ஊளைச் சத்தம் இல்லையே! உங்க பெரியப்பா அதை எஞ்சின்னுதானே நினைச்சிட்டிருந்தார்" என்றார்.

உங்கள் ஊர் வீட்டிலும் அப்பாவின் வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கலாம். அடுத்த லீவில் போனால், போனட்டைத் திறக்கும் முன் ஒரு தரம் குனிந்து பின்னால் பாருங்கள்.