கீரிப்பூண்டும் குடுவையும்: கேம்ப்டோதெசினின் வரலாற்றில் பாலோடு

பாம்பிடம் கடிபட்ட கீரி ஒரு செடியின் வேரைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்பது தென்னாட்டின் பழைய நம்பிக்கை. அச்செடியே கீரிப்பூண்டு. 1753இல் லின்னேயஸ் அதற்கு இட்ட ஓபியோரைசா முங்கோஸ் என்னும் பெயரிலும் பாம்பு, வேர், கீரி மூன்றும் உள்ளன. நஞ்சுமுறிவு நம்பிக்கை அளவிலேயே நின்றது; எனினும் புற்றுநோய் மருத்துவம் நாடும் கேம்ப்டோதெசின் என்னும் ஆல்கலாய்டு இச்செடியில் உண்டு.

இப்பொருளை 1966இல் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் சீன மரமொன்றிலிருந்து அமெரிக்காவில் பிரித்தெடுத்தனர். 1972இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நொதபோடைட்டிஸ் மரத்திலும் அது இருப்பதை வெளியிட்டனர். கடும் நச்சுவிளைவால் தொடக்ககால மருத்துவச் சோதனைகள் நின்றுபோயின. டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்தும் நொதியை இது முடக்குகிறது என்பது 1985இல் தெளிவானபின் ஆர்வம் மீண்டது. 1996இல் இதன் வழிப்பொருள்களான டோப்போடெகானும் இரினோடெகானும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மருந்தின் வெற்றி மரத்திற்கு வினையாயிற்று. நொதபோடைட்டிஸ் மலைக்காடுகளில் பெருமளவில் வெட்டப்பட்டது.

மரத்தை வெட்டாமல் மருந்தைப் பெற இயலுமா? தனித்த தாவரச் செல்லை வளர்க்கலாம் என்னும் கருத்தை 1902இலேயே ஹேபர்லாண்ட் முன்வைத்திருந்தார். ஆனால் திசு வளர்ப்பில் ஒரு முரண் எதிர்ப்பட்டது: குடுவையில் செல்கள் செழித்துப் பெருகின, மருந்துப்பொருளோ அருகியது. இத்தகைய சேர்மங்கள் பல, பூச்சியையும் பூஞ்சையையும் எதிர்க்கத் தாவரம் ஆக்கிக்கொள்ளும் படைக்கலங்கள். பகையற்ற குடுவையில் அவற்றிற்குத் தேவையில்லை.

1980களில் ஜப்பானியர் ஷிகோனின் என்னும் செஞ்சாயத்தை வணிக அளவில் ஆக்கியபோது ஒரு தீர்வு கண்டனர்: முதலில் செல் பெருகுவதற்கு ஓர் ஊடகம், பின்னர் சேர்மம் உருவாவதற்கு வேறோர் ஊடகம். 2001இல் மற்றொரு ஓபியோரைசா இனத்தின் மயிர்வேர்களை வளர்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், வேர்கள் கேம்ப்டோதெசினை ஊடகத்தில் கசியவிடுவதைக் கண்டு, அதனைப் பிசின் மணிகளால் ஈர்த்துச் சேகரித்தனர்.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், 2010களில் கீரிப்பூண்டின் செல்களை நீர்ம ஊடகத்தில் வளர்த்து இவ்வரலாற்றில் இணைந்தது. அங்கு ஈஸ்ட் சாறும் ஜாஸ்மோனிக் அமிலமும் தூண்டிகளாகச் சேர்க்கப்பட்டன. முன்னது பூஞ்சைத் தாக்குதல் நேர்ந்ததுபோல் செல்லை ஏமாற்றும். பின்னது தாவரத்தின் சொந்த அபாய அறிவிப்பு. இரண்டும் கேம்ப்டோதெசினின் அளவை உயர்த்தின.

ஆயினும் அச்சுறுத்தப்பட்ட செல் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு கிராம் செல்லில் சேர்மம் எத்தனை மடங்கு உயர்ந்தது என்பது பாதிக் கணக்கே. அடிப்படை அளவு சிறிதாயின் பன்மடங்கும் சிறிதே. ஒரு லிட்டர் ஊடகம் ஒரு நாளில் எவ்வளவு தருகிறது என்பதே முழுக்கணக்கு. யூ மரத்தின் பாக்ளிடாக்சல் இக்கணக்கில் தேறிச் செல் வளர்ப்பிலிருந்து வணிகத்திற்கு வந்துவிட்டது. கேம்ப்டோதெசினுக்கோ முதன்மை ஆதாரம் இன்றும் மரங்களே. குடுவையின் கணக்கு நேராகும் நாள்வரை, மலையின் மரமே அதன் விலையைக் கொடுத்துவரும்.