தோட்டத்தில் ஓய்வூதியம் எங்கே?

பதுளையில் அரசாங்க ஆசிரியராய்ப் பணிபுரியும் நமக்குச் சம்பள ஆணைக்குழு உண்டு. முதுமைக்கு 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு உண்டு. நம்மிடம் பயிலும் பிள்ளையின் தாய்க்கு என்ன உண்டு? பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்தெடுப்பவள் அவள்.

கம்பெனித் தொழிலாளிக்கு அரசாங்கம் எங்ஙனம் ஓய்வூதியம் வழங்கும் என்று கேட்பார் சிலர். சரித்திரம் அக்கேள்விக்கு இடந்தரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்கு மாறும்வரை அரசே முதலாளி. எனினும் செக்குரோலில் அவளுக்கு விழுந்தது நாட்கூலிப் பேர்தான். ஆணுக்கு நிகரான சம்பளத்தையும் 1984இல் வேலைநிறுத்தம் செய்தே பெற்றாள்.

1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பணிக்கொடையும் அவளுக்கு உரியவை, மறுப்பதற்கில்லை. ஆனால், இரண்டும் ஒருமுறை கைக்கு வரும் பணம். குறைந்த கூலியின் அளவுக்கே அமையும் அத்தொகை, மகளின் கலியாணத்தோடும் பழைய கடனோடும் கரைந்துவிடுகிறது. பிறகு மாதம் பிறக்கும்; பணம் பிறவாது.

நமது சம்பள உயர்வுக்காகக் குரலெழுப்புவோம், அது நியாயமே. அக்குரலில் அவளது முதுமையும் ஒலிக்கட்டும்.