மைசிர் முதல் மரினா பே வரை

நியூயார்க் மாநகரின் டைம்ஸ் சதுக்கம் நாடக அரங்குகளால் பெயர்பெற்ற இடம். ‘லயன் கிங்’ இசைநாடகம் நெடுங்காலமாக நடந்துவரும் அரங்கைத் தன்னகத்தே கொண்ட மாடக் கட்டடம் ஒன்றில், காசினோ எனப்படும் சூதாட்ட விடுதி அமைக்க ‘சீசர்ஸ்’ என்னும் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் அனுமதி கோரினர். வேலைவாய்ப்புப் பெருகும், பயணிகள் வருவர், அரசுக்கு வரி சேரும் என்பது அவர்தம் வாதம். நாடக அரங்கு உரிமையாளர்களின் சங்கம் அதனைக் கடுமையாக எதிர்த்தது. சூதாட்ட விடுதி தன்னுள் வந்தவரை எளிதில் வெளியே விடாது. அக்கம்பக்கத்து உணவகங்களும் அரங்குகளும் நலியும் என்றனர் அவர்கள். 2025 செப்டம்பர் 17ஆம் நாள், திட்டத்தை ஆராய அமைந்த வட்டாரக் குழு அதனை நிராகரித்தது. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு நான்கு.

இரு தரப்பாரின் பேச்சும் பெரிதும் வரவு செலவுக் கணக்காகவே இருந்தது. ‘சூதால் ஊருக்கு நன்மை உண்டா, இல்லையா?’ என்னும் இக்கேள்வி பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அரபு மண்ணிலும் எழுந்ததுதான். திருமறை அதற்களித்த விடையின் போக்கு வேறு.

அறியாமைக் காலத்து அரபிகள் ஆடிய சூதுக்கு ‘மைசிர்’ என்று பெயர். எளிமை என்னும் பொருளுடைய ‘யுஸ்ர்’ என்ற சொல்லோடு அது தொடர்புடையது என்பர். உழைப்பின்றி எளிதாகக் கைக்கு வரும் பொருள் என்பது கருத்து. ஆட்டத்தின் முறை திருமறை விரிவுரைகளில் காணக்கிடைக்கிறது. ஒட்டகம் ஒன்றை விலைபேசி அறுப்பார்கள். பத்து அம்புகளை ஒரு பையிலிட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு; எஞ்சிய மூன்றும் வெறும் அம்புகள். வெறும் அம்பு எவர் பெயரில் வந்ததோ அவர்களே ஒட்டகத்தின் விலையைக் கொடுத்தாக வேண்டும். வென்றவர்களோ இறைச்சியைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை; ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்துப் பெருமை கொள்வார்கள். குளிரும் பஞ்சமும் வாட்டுகின்ற காலத்தில் இது நிகழும். இவ்வாட்டத்தில் சேராதவனைக் கருமி என்று இகழ்வதும் வழக்கம்.

அஃதாவது, இன்றைய மொழியில் சொன்னால், அது தருமத்துக்காக ஆடப்பட்ட சூது. இதனை மனத்திற்கொண்டு அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தைப் பார்க்க வேண்டும். மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அவ்வசனம் மறுக்கவில்லை. பயனை ஒப்புக்கொண்டே, அவற்றின் பாவம் அப்பயனினும் பெரிது என நிறுத்துக் காட்டுகிறது. பின்னர் அருளப்பெற்ற அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் சூதை முற்றிலும் விலக்கின. மனிதரிடையே பகையையும் வெறுப்பையும் விளைப்பது, இறைநினைவையும் தொழுகையையும் தடுப்பது என்று காரணமும் உரைத்தன. ஏழைக்கு இறைச்சி கிடைக்காமற் போகுமே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஏழையின் பங்கு ஜகாத்தாக, செல்வர் மீது கடமையாக விதிக்கப்பட்டது; அம்பின் தயவில் விடப்படவில்லை.

திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், இல்லையேல் புஞ்சைத் தவசம், மழை அடியோடு பொய்த்தால் விதைத்ததும் வீண். ‘வெள்ளாமையே ஒரு சூதாட்டந்தானே’ என்று சலித்துக்கொள்ளும் சம்சாரிகள் எங்கள் பக்கத்தில் உண்டு. சலிப்பு நியாயமானது, ஒப்புமை பொருந்தாதது. மழை பொய்த்தால் சம்சாரி இழக்கிறான். அவன் இழந்ததை அள்ளிச் செல்ல எதிரே ஒருவன் அமர்ந்திருப்பதில்லை. மழை பெய்தாலோ பக்கத்துப் புஞ்சைக்கும் சேர்த்தே பெய்கிறது. சூதில் ஒருவன் வீட்டு விளக்கை அணைத்தே மற்றவன் விளக்கேற்ற இயலும்.

நம் நாட்டில் தரும வாதம் லாட்டரிச் சீட்டின் வடிவில் வந்தது. கேரளம் 1967இல் அரசு லாட்டரியைத் தொடங்கிற்று. முதற் குலுக்கல் 1968 சனவரி 26இல் நடந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய், முதற்பரிசு 50,000 ரூபாய். அத்திட்டத்தை வகுத்த நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாகிப் ஒரு முஸ்லிம் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதே 1968இல் அண்ணாவின் அரசு தமிழகத்திலும் பரிசுச் சீட்டை அறிமுகப்படுத்தியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் முழக்கம் பட்டிதொட்டியெங்கும் பரவியது. மைசிரின் தருமம் அப்படியே மீண்டு வந்துவிட்டது! ஒரு வேறுபாடுதான். மைசிர் வசதி படைத்தோர் ஆடி ஏழைக்கு ஈந்தது. லாட்டரி ஏழையிடமே வாங்கியது. அருப்புக்கோட்டை போன்ற நெசவு ஊர்களில் தறிக்கூலியே அதன் முதல். பின்னாளில் ஒற்றை எண் லாட்டரி வந்து கூலிக்காரக் குடும்பங்களைச் சூறையாடியது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதனைத் தடுத்தது. 2003 சனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது.

குதிரைப் பந்தயத்தின் கதை இன்னும் விந்தையானது. 1974இல் அதனை ஒழிக்கத் தமிழகம் சட்டம் இயற்றியது. 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதி தேர்ந்தெடுத்தனுப்ப முதலமைச்சரான எம்.ஜி.ஆரின் ஆட்சியில், 1986இல், சென்னைப் பந்தயக் கழகத்தையே அரசு மேற்கொள்ளச் சட்டம் வந்தது. 1996இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதன்று என்று தீர்ப்பளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதாயிற்று. 2024 செப்டம்பரில் கிண்டியிலுள்ள சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு இரத்து செய்து முத்திரையிட்டபோது, முன்னின்ற வழக்கு வாடகைப் பாக்கி பற்றியது, பந்தயம் பற்றியதன்று.

முழுமையான காசினோ விவாதத்தை நேரில் கண்ட தமிழர் சிங்கப்பூர்த் தமிழர். இராமநாதபுரச் சீமையிலிருந்து கடல்கடந்து சென்ற முஸ்லிம் குடும்பங்கள் பல அங்கே வேரூன்றியவை. 2004இல் அரசு இவ்வெண்ணத்தை வெளியிட்டதும் முஸ்லிம், கிறித்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. குடும்பங்களின் பெயரால் கையெழுத்து இயக்கமும் நடந்தது. லீ குவான் யூவே முன்னர் காசினோவைப் பிடிவாதமாக மறுத்தவர்தாம். ஆயினும் 2005 ஏப்ரல் 18இல் பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இசைவை அறிவித்தார். சுமார் 35,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று கணக்குக் காட்டப்பட்டது. காசினோ என்று சொல்லாமல் ‘ஒருங்கிணைந்த உல்லாசத்தளம்’ என்று பெயரிட்டார்கள். பெயர் மாற்றத்தால் பண்டம் மாறுவதில்லை என்பது கள்ளுக்கடைக்காரருக்கும் தெரியும். 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் இரு தளங்கள் திறக்கப்பெற்றன. நியூயார்க்கின் அதே ‘லயன் கிங்’ நாடகம் 2011இல் மரினா பே தளத்தின் அரங்கிலேயே மேடையேறியது.

சிங்கப்பூர் அரசு தன் கணக்கில் நேர்மையைக் கடைப்பிடித்தது என்றே சொல்ல வேண்டும், தீங்கை மறுக்கவில்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுவரி விதித்தது. 2019இல் அது 150 வெள்ளியாயிற்று. அயல்நாட்டாருக்கு அவ்வரி இல்லை. தன் மக்களுக்கு ஆகாதது விருந்தாளிக்கு ஆகுமோ! நுழைவுவரிப் பணம் பொதுநல, தருமக் காரியங்களுக்குச் செல்கிறது. அந்தத் தருமத்தை முஸ்லிம் ஏற்கலாமா, அவ்விடுதியில் வேலை பார்க்கலாமா என்ற கேள்விகள் வீடுதோறும் எழக்கூடியவை.

அனைத்தினும் கருதத்தக்கது குடும்பத் தடையாணை. கணவனோ மகனோ சூதில் மூழ்கிவிட்டால், மனைவியோ தாயோ விண்ணப்பித்து, அவன் காசினோவினுள் நுழையாதபடி ஆணை பெறலாம். பாவம் பயனினும் பெரிது என்பதற்கு, பயனைத் தேடிய அரசே எழுதிவைத்த சாட்சியம் இது. வருவாய் கருவூலத்தின் ஏட்டில் பதிவாகிறது. இழப்பு ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் பதிவாகிறது. இரண்டையும் ஒரே தட்டில் எவ்வாறு கூட்டுவது?

இக்காலத்தில் விடுதி தேடிப் போகவும் தேவையில்லை. திருச்சுழிச் சந்தையில் நிற்பவன் கைப்பேசியிலேயே விடுதி வந்துவிட்டது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கெதிராகத் தமிழகம் 2021இல் செய்த சட்டத்தை உயர்நீதிமன்றம் அவ்வாண்டே நீக்கியது. 2022இல் பேரவை மீண்டும் நிறைவேற்றிய சட்டமுன்வடிவை ஆளுநர் திருப்பியனுப்பி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதலளித்தார். அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றை அதன் பிடியிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் தடை செய்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றங்களை நாடின. அவ்வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அத்துறையினர் தடைக்கெதிராக எடுத்துவைத்த வாதங்களில் முன்னே நின்றவை இரண்டு: வேலைவாய்ப்பு, அரசுக்கு வரி.