பேற்று வலியை வரவழைத்த மருந்துகள்

சூலுற்று இருபது வாரங்கள் கடந்தபின் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கலந்து, முற்றினால் வலிப்பாக மாறித் தாயையும் சிசுவையும் ஒருங்கே கொண்டுபோகக்கூடிய பிரீஎக்ளாம்சியா என்னும் வியாதிக்கு, மக்னீசியம் சல்பேட் வலிப்பைத் தடுக்குமேயன்றி, மூல பரிகாரம் பிரசவம் ஒன்றுதான். வலி தானாக வரும்வரை காத்திருக்க இயலாத அந்நிலையில் அதை வரவழைக்கும் மருந்தின் சரித்திரம், வேகத்தை அடக்கப் பழகிய சரித்திரமேயாகும்.

வேகத்துக்கு ஆதியில் குறைவே இல்லை. ரை என்னும் தானியத்தின் கதிரில் பூஞ்சணம் பற்றி விளையும் எர்காட் என்ற கறுத்த முள்ளை ஐரோப்பிய மருத்துவச்சிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நியூயார்க் மாகாணத்து வைத்தியர் ஜான் ஸ்டர்ன்ஸ், அதன் பொடியில் அரை டிராம் எடுத்து அரைப் பைண்ட் நீரில் காய்ச்சி, இருபது நிமிஷத்துக்கொருமுறை மூன்றிலொரு பங்காகப் புகட்டும் முறையை 1808இல் வெளியிட்டதோடு, அதைக் கைக்கொண்டபின் மூன்று மணி நேரத்துக்குமேல் தாம் காத்திருக்க நேர்ந்தது அபூர்வம் என்றும் எழுதினார். வைத்தியருடைய பொறுமையின்மைக்கே அது முதல் மருந்தாயிற்று போலும்! செத்துப் பிறக்கும் சிசுக்கள் பெருகக்கண்ட டேவிட் ஹோசாக், பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்குக்கு மட்டுமே அப்பொடி உரியது என்று எச்சரித்தார். இரத்தக் குழாய்களையும் இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் அம்மருந்து, பிரீஎக்ளாம்சியா கண்டவளுக்கு எரிகிற தீயில் எண்ணெயே.

கருப்பையைச் சுருக்கும் என்று 1906இல் ஹென்றி டேல் கண்ட பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றிலும் இதே தோஷம் கலந்திருந்தது. கருப்பையைச் சுருக்கும் சத்தையும் அழுத்தத்தை உயர்த்தும் சத்தையும் 1928இல் ஆலிவர் காம் குழுவினர் பிரித்தெடுத்தனர். முன்னதாகிய ஆக்ஸிடாசினை 1953இல் செயற்கையாக ஆக்கிய வின்சென்ட் து விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிட்டியது. சொட்டுச் சொட்டாகச் சிரையில் ஏற்றவும் வேண்டியபோது நிறுத்தவும் இயன்றமையால் அளவு கைவசமாயிற்று எனினும், கருப்பையின் வாய் பக்குவப்படாத பெண்ணிடம் அம்மருந்து எளிதில் பலிப்பதில்லை.

அவ்வாயை இளக்கும் புராஸ்டாகிளாண்டின்களில் ஒன்றைக் கம்பாலாவில் சுல்தான் கரீம் 1968இல் பிரசவத்துக்குப் பயன்படுத்தினார். அவ்வினத்தைச் சார்ந்த மிசோபிரோஸ்டால், வயிற்றுப்புண்ணுக்கென்று, கர்ப்பிணிகள் உண்ணலாகாது என்ற எச்சரிக்கையோடு வெளிவந்த மாத்திரை! அதில் 200 மைக்ரோகிராம். பிரசவத்துக்கு வேண்டுவதோ 25. எட்டாக நறுக்கினால் துண்டுகள் சமமாக அமையாவாதலின், நீரில் கரைத்து அளந்து கொடுப்பாரும் உளர்.

நாகபுரியின் அரசு மருத்துவமனைகள் இரண்டில், இரத்த அழுத்தம் ஏறிய 602 கர்ப்பிணிகளிடம் நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இரண்டு மணிக்கொருமுறை வாய்வழி மிசோபிரோஸ்டால் பெற்றவர்களுள் 57 சதவீதத்தினரும், கருப்பைவாயில் பலூன் வைத்த ஃபோலி குழாய் பொருத்தப்பட்டவர்களுள் 47 சதவீதத்தினரும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் அடைந்தனர். வலி தளர்ந்தோருக்கு இரு பிரிவிலும் ஆக்ஸிடாசின் சொட்டு வேண்டியிருந்தது.